சர்வரில் காலி இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பாயான் பாரு வேலையிடத்தில் ஒரு கூத்து. சர்வரின் நினைவகத்தில் காலி இடமே இல்லை என்று திரை காட்டியது. பயந்துபோய், ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தப் போனேன். கூட வேலை செய்யும் காமினி அக்கா தடுத்தார்.

"பயப்படாத லா. 'ஃப்ரீ'ன்னு இருக்கற எண்ண பாக்காத, 'அவைலபிள்' பாரு, அதான் கேட்டா கெடைக்கற இடம். இடம் சும்மா கெடக்க வேணாம்னு சர்வர் பழைய ஃபைல அதுல வச்சிருக்கு. வேற வேலை வந்து கேட்டா உடனே விட்டுக் கொடுத்துரும்."

மாமா வரும்போது என் கம்பளிச் சட்டையைக் கொடுத்துவிடுங்கள். சர்வர் அறை குளிர்கிறது.

ஞாயிறு முழுக்க உங்கள் பழைய குரல் பதிவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எனக்கு வேலை இருக்கும் என்று நினைத்து நீங்கள் அழைப்பதில்லை. அழையுங்கள் அம்மா, உடனே எடுப்பேன்.

பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

சுதர்ஷினி