கடைசிப் பக்கத்தில் அண்ணன்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு, எங்க போகப்போகுது" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

ஒரு பெரிய வேலை தலையில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பாடம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "பயங்கரவாதம்: வரலாறும் வகைகளும்." குழுவில் வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று மாதமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் குறுவாளை மறைத்துக்கொண்டு போய்க் குத்திவிட்டு, செத்தவனுக்காகக் கூடவே நின்று கூச்சல் போட்டவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். "பயங்கரம்" என்ற சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒளிந்து திரிந்தவர்கள் இல்லை, ஆட்சியில் உட்கார்ந்திருந்தவர்கள். நடுச்சதுக்கத்தில் மேடை போட்டு, பட்டப்பகலில் சொந்த ஜனங்களின் தலையை எடுத்தார்கள். அதற்கப்புறம் ராஜாக்களின் வண்டி மேல் குண்டு எறிந்தவர்கள். அவர்களில் ஒருவன் வண்டிக்குள் குழந்தைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஓங்கிய கையை இறக்கியிருக்கிறான். பிற்பாடு வந்தவர்கள் அப்படி இறக்கவில்லை. விமானக் கடத்தல், ரயிலில் விஷப்புகை, பார்சல் குண்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

கடைசிப் பக்கத்தில் அண்ணன் வருகிறார். பெயர் போடவில்லை, "ஒரு தபால் ஊழியர்" என்றுதான் எழுதியிருக்கிறேன். பார்சலில் இருப்பது குண்டு என்று தெரிந்தும், கூட இருந்த பதினொரு பேரைக் காப்பாற்ற அதைத் தன் கையால் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உயிரை விட்டவர். பிள்ளைகள் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடவேண்டும் என்று எனக்கு ஆசை.

நகல் இணைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தபால்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் நீங்கள், பிறந்தவள் நான். நாமே கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
வாத்தியாரம்மா

*

ஜூன் 12

எங்கள் வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கால் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை.

உன் பாடத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு தடவை படித்தேன். எங்கள் தபால் ஆபீசில் சீல் போடுகிறவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணா எழுதினது?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கும் பெருமைதான். சின்னப் பிள்ளையில் தபால்தலையை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தவள், இன்று அரசாங்கம் செய்ததையும் பயங்கரவாதம் என்று அரசாங்கப் புத்தகத்திலேயே எழுதுகிறாய். அந்தத் தைரியம் உன் அப்பா வழியில் வந்ததில்லை, அவர் சூப்பிரண்டைப் பார்த்தாலே சட்டைப் பொத்தானைச் சரி செய்கிறவர்.

ஒரு குறை. உன் அட்டவணையில் மதத்தின் பேரில், இனத்தின் பேரில், அரசின் பேரில் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறாய். எல்லாம் செய்தவன் கணக்குத்தான். அடியை வாங்கிக்கொண்டவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லையே. குண்டு வெடித்த மறுநாள் காலை ஆறு மணிக்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள் (நான் மட்டும் பதினேழாம் நாள்). சிதறிக் கிடந்த கடிதங்களில் இருந்து கண்ணாடித் தூளை பிரஷால் தட்டித் தட்டி, கிழிந்ததை ஒட்டி, ஒன்று விடாமல் அனுப்பினார்கள். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு சீட்டும் வைத்தார்கள். அதை எழுது.

கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு. காரணம் கேட்காதே.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்காமல் எப்படி இருப்பேன்? உங்களுக்கு வேதனை என்றால் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்துக்காகத்தான் நான் கையையே தூக்கினேன். அண்ணன் போனபோது எனக்கு இருபத்து இரண்டு வயது. அம்மா மாதக்கணக்கில் சோற்றைத் தொடாமல் கிடந்தபோது, "தெரிஞ்சுதானே எடுத்தான் என் பிள்ளை" என்ற ஒரு வார்த்தைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. என்னையும்தான். நான் வாத்தியாரானதே அந்த ஒரு வார்த்தையில்.

மறுநாள் வேலைக்கு வந்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதைச் சேர்த்துவிட்டேன். அருமையான விஷயம், இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை?

நேற்று வகுப்பில் பாடத்தை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கம் முடிந்ததும், அப்படி ஒரு பார்சல் உங்கள் கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாற்பது கைகள் எழுந்தன அண்ணி. "நாங்களும் தூக்கிக்கிட்டு ஓடிடுவோம் டீச்சர்" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வீணாகப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. மனசு மாறி ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
வாத்தியாரம்மா

*

ஜூன் 27

அம்மா, வாத்தியாரம்மா,

நாற்பது கை என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் அம்மாவும் போய் வருடம் ஒன்றாகிவிட்டது. இனி மறைப்பதற்கு ஆள் இல்லை.

அவருக்கு அது குண்டு என்று தெரியாது.

உன் அண்ணனுக்கு தபால் பிரிக்கிற எங்கள் சார்ட்டிங் ஹாலில் என்ன பட்டப்பெயர் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். விலாச டாக்டர். பாதி விலாசம், தப்பு விலாசம், மழையில் கரைந்த விலாசம் எதுவானாலும் கண்டுபிடித்து உரிய வீட்டுக்குச் சேர்த்துவிடுவார். ஆள் தெரியவில்லை என்று ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்புவது அவருக்கு மானப் பிரச்சினை. அந்த மாதம் வேறு ஊர்களில் இரண்டு பார்சல் வெடித்திருந்தது. அளவுக்கு மீறித் தபால்தலை ஒட்டியிருந்தால், விலாசம் சரியில்லாமல் இருந்தால் தொடாதே, தள்ளி நில், மேலாளரைக் கூப்பிடு என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவரே அவர்தான்.

அன்று வந்த பார்சலில் தபால்தலை இரண்டு மடங்கு இருந்தது. விலாசம் மங்கியிருந்தது. அவர் கண்ணுக்கு அந்த விலாசம் மட்டும்தான் தெரிந்தது. முத்திரை குத்துகிற மெஷின் சத்தத்தில் என் மேசைக்கு வந்து, குனிந்து காதருகே, "பேட்டை பேர் தெரியுது, தெருதான் பிடிபட மாட்டேங்குது" என்றார். எனக்குக் கை நிறைய வேலை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

"ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல பாருங்களேன்."

போனார். ஜன்னல் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. அதனால்தான் பதினொரு பேர் பிழைத்தோம். அவராக யோசித்துப் போனதில்லை, நான் அனுப்பிப் போனார்.

ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சா எடுத்தான்?" என்று கேட்டார்கள். "தெரிஞ்சுதான் அத்தை, எங்களை எல்லாம் காப்பாத்தத்தான்" என்றேன். பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் நின்றிருந்தார். மறுநாள் காலை அது எல்லோருக்கும் செய்தி. பிறகு ஹாலில் கல்வெட்டே வைத்துவிட்டார்கள்.

உன் அம்மாவுக்காகச் சொன்ன பொய் என்று பத்தொன்பது வருடமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது எனக்காகவும்தான்.

நாற்பது பிள்ளைகள் என்னுடைய பொய்யை நம்பிப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. புத்தகம் அச்சானால் நாற்பது எத்தனை லட்சமாகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தை மாற்று.

அண்ணி

*

ஜூலை 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அம்மா கடைசி மூச்சு வரைக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லித்தான் போனாள். நான் மேடைக்கு மேடை அதைப் பேசியிருக்கிறேன். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். கை தட்டியும் இருக்கிறீர்கள்.

குழுவிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

*

ஜூலை 6

வாத்தியாரம்மாவுக்கு,

போட வேண்டாம் என்று சொல்லியும் போடுகிறேன். இதை நீ பிரிக்காமல் வைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

உன்னிடம் சொல்லிவிட்டு ஹாலில் சொல்லாமல் இருந்தால் அது பாதி உண்மைதான். அன்றைக்கு இருந்தவர்களில் ஐந்து பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். நேற்றுக் காலை பைகளை அவிழ்ப்பதற்கு முன்னால் எல்லோரையும் கல்வெட்டுக்கு எதிரே வரச் சொன்னேன். அவருக்குத் தெரியாது, ஜன்னலுக்கு அனுப்பியது நான், இந்தக் கல்லில் எழுதியிருப்பது நான் சொன்ன பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கல்லை எடுத்துவிடச் சொல்லி மேலே எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. சீல் போடுகிறவர்தான் முதலில் சொன்னார்:

"உன்கிட்ட வர்றதுக்கு முன்னால என்கிட்டதான் வந்தான்மா. கையில வாங்கிப் பார்த்தேன். தபால்தலை அதிகமா இருக்கேன்னு தோணிச்சு. வாயத் திறக்கல. தெரியலையேன்னு திருப்பிக் கொடுத்துட்டேன்."

பை கட்டுகிற அம்மா தானும் வாங்கிப் பார்த்ததாகச் சொன்னார். உள்ளூர்க் கடிதம் பிரிக்கிற அண்ணன் தம்பி இருவரும் அப்படியே. எடை பார்க்கிறவர் அதை எடையே போட்டிருக்கிறார். ஒரு மேசை விடாமல் கேட்டுக்கொண்டே வந்து கடைசியாகத்தான் என் மேசைக்கு வந்திருக்கிறார் உன் அண்ணன். சுற்றறிக்கையை எல்லோரும் படித்திருந்தோம். அவர் விலாசம் கேட்டால் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது, அவ்வளவு ஆசையாகக் கேட்பார்.

பத்தொன்பது வருடம் அவர்கள் என் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறேன். இந்த மனிதர்களை என்ன சொல்லிப் பாராட்டுவது? அன்று அழுதது போதாதென்று நேற்று ஆறு பேரும் சேர்ந்து அழுதோம். முதல் பை அரை மணி தாமதமாகத்தான் போனது, சூப்பிரண்டு எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நீ பதில் போட வேண்டாம்.

அண்ணி

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு நாள் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் பிரித்தேன்.

கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். சுற்றறிக்கை முழுவதையும் அப்படியே போட்டிருக்கிறேன்: தொடாதே, தள்ளி நில், கூப்பிடு. அதற்குக் கீழே, அதைப் படித்திருந்தும் ஒரு பார்சலை வாங்கி வாங்கிப் பார்த்த மனிதர்களைப் பற்றி எழுதினேன். அவர்கள் முட்டாள்கள் இல்லை, ஒரு விலாசத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பியவர்கள் என்று எழுதினேன். அந்த நம்பிக்கைக்குள்தான் குண்டை வைத்து அனுப்புகிறார்கள், பார்சல் குண்டு என்ற வகைக்கு அதைவிடச் சரியான விளக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. அண்ணனை முன்பு வீரர் என்று நினைத்து வியந்தேன். இப்போது அவரை அவராகவே நினைத்து வியக்கிறேன், இதுதான் அதிகம் வலிக்கிறது.

உங்கள் மேல் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது.

நேற்று புதுப் பக்கத்தை வகுப்பில் வாசித்தேன். இந்தத் தடவை ஒரு கையும் எழவில்லை. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் மட்டும் எழுந்து, "அவர் உங்க மேசைக்கு வந்து கேட்டிருந்தா நீங்க என்ன டீச்சர் சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

யோசித்தேன் அண்ணி, நிஜமாகவே யோசித்தேன். ஜன்னல்கிட்ட போய்ப் பாருங்கன்னுதான் நானும் சொல்லியிருப்பேன் என்றேன்.

உங்கள்,
வாத்தியாரம்மா