கல் காயும் வரை

மார்ச் 3, ஞாயிறு

அப்பாவின் கல்லறைக்குப் போனேன். கல்லின் அடிப்பக்கம் பாசி பிடித்திருக்கிறது; மேலே பறவை எச்சம். அடுத்த மாதம் அம்மா வருகிறாள். அப்பா போனபின் என் அண்ணனோடு வேற்றூரில் இருக்கிறாள். கல் வைத்த நேரத்தில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன், அதனால் இன்னும் பார்த்ததில்லை. "எப்படிடி இருக்கு கல்லு?" என்று வாரா வாரம் கேட்பாள். "வெள்ளையா இருக்கும்மா" என்பேன்.

வெள்ளையாக்கிவிட வேண்டும்.

மார்ச் 9, சனி

குளியலறை மூலையில் அப்பாவின் ஆசிட் பாட்டில் பாதி அப்படியே இருக்கிறது. முப்பது வருடம் ஆஸ்பத்திரிக் கழிப்பறைகளைக் கழுவியவர். "இதுக்கு மசியாத கறை இன்னும் பொறக்கல" என்பார். நாளைக்கு எடுத்துப் போகிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு கழல்கிறது என்று இன்னும் ஊற்றினேன். கம்பி பிரஷ் போட்டும் தேய்த்தேன். தண்ணீர் விட்டுப் பார்த்தால் —

பளபளப்பு போய்விட்டது. தொட்டால் சொரசொர என்கிறது. பெயரில் இருந்த கறுப்பு மை இல்லை. கடைசி எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கிறது.

சலவைக்கல்லில் அமிலம் பட்டால் கல் கரையும், நுரை வரும். முதல் வருட லேபில் நானே செய்து, நானே எழுதி, பத்துக்குப் பத்து வாங்கிய சோதனை. வீட்டிலேயே முதல் பட்டதாரி. அதுவும் வேதியியல். என்னத்தைப் படிச்சே நீ?

மார்ச் 11, திங்கள்

யாரிடம் சொல்வது? ஆபீசில் இன்று முழுக்க நான் பேசியது மூன்றே வார்த்தை. "சரி மேடம்." அப்புறம் ஒரு "சரி".

மார்ச் 19, செவ்வாய்

கல்லில் எழுத்து வெட்டியவருக்கு போன் செய்ய ஒன்பது நாள் ஆயிற்று. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன்.

"ஏம்மா, குளிப்பாட்டச் சொன்னா தோலையே உரிச்சிட்டியே."

போன தோல் போனதுதானாம். மறுபடி பாலிஷ் போட்டால் எழுத்து இன்னும் தேயுமாம். மை மட்டும் வந்து போட்டுத் தருகிறாராம்.

"இனிமே வெறும் தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ், அவ்வளவுதான். மொதல்ல நல்லா நனை. கீழேருந்து மேலே தேய்ச்சுட்டுப் போ, இல்லேன்னா அழுக்குத் தண்ணி வழிஞ்சு கோடு விழும். எச்சம், பாசியெல்லாம் ஊறவிட்டு மரக்குச்சியால எடு. ஆசிட், ப்ளீச், கம்பி — கிட்டயே கொண்டுபோகாத. உட்கார்றதுக்கு முன்னாடி கல்லு ஆடுதான்னு பாரு. உன் மேல விழுந்துச்சுன்னா அப்புறம் உனக்கும் நான்தான் வெட்டணும்."

போனை வைத்தபின் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

மார்ச் 24, ஞாயிறு

அவர் சொன்னபடியே செய்தேன். பாசி போயிற்று. சொரசொரப்பு அப்படியே. பக்கத்துக் கல்லறைகளுக்கு இரண்டு பேர், மூன்று பேராக வந்திருந்தார்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் தேய்க்க. நான் வாளியை வைத்துவிட்டுத் தேய்த்தேன். பிரஷை வைத்துவிட்டு ஊற்றினேன்.

மார்ச் 27, புதன்

அம்மா போன். "வெள்ளையா இருக்குல்ல?" ம் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்று அம்மா வந்தாள். இன்று கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்றே நடந்தேன். வாய் வரவில்லை.

கல்லுக்கு முன்னால் அம்மா பையைத் திறந்தாள். இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்றிய பாட்டில். அதே ஆசிட்.

"உங்கப்பா வாங்குறதையே பாத்து வாங்கினேன். நீ ஒத்தையில என்னத்தத் தேய்ச்சிருப்பே. தள்ளு."

கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்மா. நான் ஏற்கெனவே ஊத்திட்டேன். கல்லு கெட்டுப்போச்சு. என்னாலதான்."

அம்மா கல்லைத் தடவிப் பார்த்தாள். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

"நீ ஊத்தலேன்னா இப்ப நான் ஊத்தியிருப்பேன்" என்றாள். பாட்டிலை மறுபடி கவரில் சுற்றினாள். பிறகு, "அந்த மனுஷன் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடி ஊத்தியிருப்பார்."

ஏப்ரல் 14, ஞாயிறு

கடையில் இன்னொரு பிரஷ் வாங்கினேன். அம்மாவுக்குக் குனிய முடியாது, மேல்பக்கம் அவள். கீழ்ப்பக்கம் நான் தேய்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள். தண்ணீரும் அவளே ஊற்றினாள்.

இன்றுதான் ஊருக்குக் கிளம்ப வேண்டியவள். கல்லறையிலிருந்தே அண்ணனுக்கு போன் போட்டாள். "இல்லடா, இப்ப வர முடியாது. கழுவியிருக்கோம். கல்லு காயணும்."

கல் அரை மணியில் காய்ந்துவிட்டது. நான் இன்னொரு வாளி தண்ணீர் பிடிக்கப் போனேன்.