என் பெயரில் ஒரு ‘வேண்டாம்’

ஜூன் 15, திங்கள்

ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். பாலக்கரைக் கடையை அரை நாள் பூட்டிவிட்டுப் போனேன். பிளவுஸ் துணிக்கு வந்தவர்கள் திட்டியிருப்பார்கள், திட்டட்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பிரான்சி என்று ஒரு மேடம் வந்திருந்தார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரங்களை வாங்க, இனி கம்பெனிகள் பெற்றோரிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதாம். படிப்படியாக நடைமுறைக்கு வருமாம். எல்லாரும் கை தட்டினோம்.

பிறகு ஒன்று கேட்டார்: “கடைசியா எந்த ஆப்புக்கு அனுமதி குடுத்தீங்க, சொல்லுங்க பாப்போம்?”

ஆளாளுக்குப் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்கள். நானும்தான்.

என் மகள் அல்ஷிஃபாவுக்குப் பன்னிரண்டு வயது. போன வருஷம் குவைத்திலிருந்து போன் வாங்கி வந்தபோதே, அவள் அத்தா, என் வீட்டுக்காரர், அதைப் பிள்ளைகள் கணக்காகத்தான் போட்டுக் கொடுத்தார். அவள் எதை இறக்கினாலும் என் போனுக்குக் கேட்டு வரும். நான் சரி என்றால்தான் இறங்கும். ஏற்பாடெல்லாம் பிரமாதம். ஆனால் என் போன் சத்தம் போட்டால் நான் என்ன செய்கிறேன்? துணி அளந்துகொண்டே, “என்னன்னு பாருடி” என்று அவளிடமே நீட்டுகிறேன். காஸுக்கு வரும் ஓடிபி நம்பர், பேங்க் நம்பர் எல்லாம் அவள் பொறுப்பு.

அப்படியென்றால் அவளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிற அம்மா யார்?

ஜூன் 16

இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார் மனுஷர். குவைத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பது சுலபம்.

ஜூன் 17, புதன்

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனை நானே பார்த்தேன். சிலிண்டர் கொண்டுவந்தவர் நம்பர் கேட்டார், வாசித்தேன். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் பிள்ளையைக் கூப்பிட்டேன்?

ஜூன் 19, வெள்ளி

வந்துவிட்டது! அல்ஷிஃபா அனுமதி கேட்கிறாள் என்று என் போனில். ஏதோ அகராதி ஆப். அடுத்த நிமிஷம் மாடியிலிருந்து ஓடி வந்து கையை நீட்டினாள். தானே பார்த்துக்கொள்கிறாளாம். நான் கொடுக்கவில்லை. நிதானமாகப் படித்து, நானே சரி என்று அழுத்தினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

திட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். நிஜமாகவே கோபத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் எனக்கு அதிகம். இதுவரை வந்ததற்கெல்லாம் நீதானே சரி போட்டாய் என்றேன். தலையாட்டினாள். எல்லாவற்றுக்குமா?

“ஒண்ணுக்கு மட்டும் வேணாம்னு போட்டேன்.”

ஜூன் 20

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

அவள் வரைந்த படங்களைப் போடுகிற குரூப்பில் ஒரு ‘அக்கா’. முதலில் படத்தைப் புகழ்ந்ததாம். அப்புறம், வேறொரு ஆப்புக்கு வா, அங்கே எதை அனுப்பினாலும் தானே அழிந்துவிடும், உன் போட்டோ அனுப்பு என்றதாம். அம்மா விடமாட்டார்கள் என்று இவள் சொன்னதற்கு, அம்மா போனை எடுத்து நீயே அனுமதி போட்டுக்கொள் என்று வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறது அந்தச் சனியன். அக்காவோ, எந்தக் கிழவனோ, யார் கண்டது?

இவளுக்குத்தான் அந்த வழி மனப்பாடமாச்சே. ஆனால் என் போனை எடுத்து, என் பெயரில், வேண்டாம் என்று அழுத்திவிட்டு, ‘அம்மா வேணாம்னுட்டாங்க’ என்று அதற்குப் பதிலும் போட்டிருக்கிறாள். ஏன்டி என்றேன்.

“நீங்க பாத்திருந்தா வேணாம்னுதானம்மா சொல்லியிருப்பீங்க.”

பாத்திருந்தா! யா அல்லாஹ், நான் எங்க பாத்தேன்? லைனிங் கலர் பொருத்திக்கிட்டு உக்காந்திருந்தேன் — எனக்கும் சேத்து இந்தப் பிள்ளையே அம்மாவா இருந்திருக்கு. அந்த ஆள் இன்னும் தினம் கேக்குதாம்.

ஜூன் 22, திங்கள்

குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். பிரான்சி மேடமே திரும்பக் கூப்பிட்டார். பிள்ளையைத் திட்டினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். எதையும் அழிக்காமல், அந்தப் பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிறகு பிளாக் பண்ணச் சொன்னார். போலீஸுக்கு ஆன்லைனில் எப்படிப் புகார் கொடுப்பது என்றும் சொன்னார். அல்ஷிஃபா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நானே கொடுத்தேன். ஓடிபி வந்தது. அதையும் நானே படித்தேன்.

ஜூன் 25

போனைப் பிடுங்கி வை என்கிறார் இவர். இப்போது சிரிப்பைக் காணோம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் எதற்காகப் பிடுங்குவது? முடியாது என்றுவிட்டேன்.

ஜூலை 2, வியாழன்

சாயங்காலம் காந்தி மார்க்கெட்டில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. பையைக் கீழே வைத்துக் கண்ணாடியை மாட்டினேன். அல்ஷிஃபா ஒரு விளையாட்டுக்கு அனுமதி கேட்டிருந்தாள். படித்து முடிப்பதற்குள் அவளே வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, ஒண்ணு வந்திருக்கும் பாருங்க. வேணாம்னு போடுங்க.”

வேண்டாத ஒன்றை எதற்குக் கேட்டாய் என்றேன். கூடப் படிக்கிற ஜாஸ்லின் அதை இறக்கச் சொல்லி நச்சரிக்கிறாளாம்.

“எங்கம்மா வேணாம்னுட்டாங்கன்னு சொல்லணும்மா. இந்தத் தடவை நெசமாவே நீங்க சொல்லணும்.”

ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா என்று கடைக்காரர் தராசோடு நின்றிருந்தார். கொஞ்சம் இருங்க என்றேன். வேண்டாம் என்று அழுத்தினேன்.