கொக்கியின் உயரம்

ஆல்டர் கார்னர்ஸ், அயோவா
ஜூலை 9

அன்புள்ள கர்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஜோலினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால்தான் படியேற மறுக்கிறது. ஜூன் முழுக்க மழை. சோயா மஞ்சளடித்து நிற்கிறது. குத்தகைக்காரர், நான்தான் மழையை வரவழைத்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று லோவெல் வந்தார். டிராக்டர் சங்கத் தலைவர் ஆன பிறகு அவர் எந்த விதவை வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு பாத்திரம் நிறைய, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு. ஆகஸ்ட் கண்காட்சியில் டிராக்டர்கள் பளுவண்டியை இழுக்கும் போட்டிக்கு உன் அப்பா பெயரை வைக்கிறார்களாம். நான் கொடியசைத்துத் தொடங்கிவைக்க வேண்டுமாம். "டெல்மர் பேரு நிக்கணும்ல, ஆர்டிஸ்" என்றார். போகிற போக்கில், "கர்ட்டே வந்து அப்பா வண்டிய ஓட்டறேன்னுட்டான், உன்கிட்ட சொல்லலையா?" என்றும் கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியுமே என்று சொல்லிவைத்தேன்.

நீ சியாட்டிலுக்குப் போன பிறகு இங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. கண்காட்சிக்கு ஆளே வராமல் போய்விட்டது. பழைய டிராக்டர்கள் ஒவ்வொன்றாக வந்து பளுவண்டியை இழுத்துப் போகும். ஓட்டுகிறவர்களின் மனைவிமார் நாங்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்ப்போம். சர்ச்சுக்குப் பணம் சேர்க்க விற்பதற்காகச் சுட்ட ஆப்பிள் பை எல்லாவற்றையும் நாங்களே வாங்கித் தின்போம். ஜனங்கள் பக்கத்து மாவட்டத்தில் கரும்புகை கக்கும் ராட்சத வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் லோவெல் சங்கத்தைக் கூட்டி, "முன்சக்கரம் அந்தரத்துல தூக்கினாத்தான் ஜனம் வரும். கொக்கிய இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்றார். பளுவண்டியை மாட்டும் கொக்கி உயர்ந்தால் டிராக்டர் மல்லாந்துவிடும் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாவும்தான். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. முதல் தடவை சக்கரம் எழும்பியபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "என் பேரச் சொல்லிக் கத்தினாங்க, கேட்டியா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேரன் எடுக்கும் வயசில் அந்த ஆசை. நானும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கறி வைத்தேன்.

போன வருஷம் வண்டி பின்னால் சாய்ந்து அவர் மேல் விழுந்ததை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. யாரோ அதைப் போனில் எடுத்து உலகம் பூரா பரப்பினார்கள். இப்போது லோவெல் சொல்கிறார், இந்த வருஷம் இதற்குள்ளேயே டிக்கெட் தீர்ந்துவிட்டதாம், பெஞ்சுகளை வாடகைக்கு எடுக்கிறார்களாம். "பையன் ஓட்டறான்னு போட்டதும் பிச்சிக்கிட்டுப் போச்சு" என்றார். கொக்கியை இறக்கிவிட்டீர்களா என்று கேட்டேன். "இறக்கினா யாரு வருவா?" என்றார். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உருளைக்கிழங்கை நாய்க்குப் போட்டேன்.

அப்பாவுக்கு மரியாதை செய்கிறோம் என்று நீ நினைக்கிறாய். அந்தக் கூட்டம் அவருக்காக வரவில்லை, கர்ட். போனில் பார்த்ததை நேரில் பார்க்கக் கிடைக்குமா என்று வருகிறது. வண்டி கொட்டகையில்தான் நிற்கிறது. சாவியை நான் ஒளித்துவைக்க மாட்டேன், நீ குழந்தை இல்லை. ஆனால் கொடியை என் கையில் கொடுக்க யாரும் வர வேண்டாம்.

ஆகஸ்டில் வராதே. நவம்பரில் வா, ஜோலினையும் கூட்டிக்கொண்டு வா, வான்கோழி சுட்டு வைக்கிறேன். யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வராத ஒரு சாதாரண வாழ்க்கையைக் கடவுள் உனக்கு ரொம்ப நாளைக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்டிஸ்