மேசைக்குக் கீழே தேசி

மச்சாள்,

இன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக அலுமாரியைத் திறந்து மெரூன் சேலையை எடுத்தேன். முந்தானையை விரித்தால் முழுக்க மஞ்சள் மயிர். ஒன்று இரண்டு இல்லை, ஒரு சின்னத் தலையணைக்குள் அடைக்கலாம். தோய்த்து, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைத்த சேலை அது. உம்முடைய தேசியின் மயிர் சவர்க்காரத்துக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. கட்டிலில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்கச் சிரிப்பு வந்தது. கடைசியில் வேறு சேலையைக் கட்டிக்கொண்டு போய், கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்து, இப்போது உமக்கு இதை எழுதுகிறேன்.

நீர் என் மாமாவின் மகள். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் பெரிது, உமக்குப் பிடிவாதம் பெரிது. கனடாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, அங்கே கண் மெல்ல மெல்ல மங்கி ஒன்றும் தெரியாமல் போன பிறகு, "இனி நான் ஊரிலைதான் இருக்கப்போறன்" என்று அச்சுவேலிக்கு வந்து இறங்கினீர். ஒரு கையில் கைப்பை. மற்றக் கையில் கைபிடி வைத்த ஒரு தோல் பட்டி. அந்தப் பட்டிக்குள் பழுத்த தேசிக்காயின் மஞ்சள் நிறத்தில், வழிகாட்டப் பழக்கின ஒரு பெரிய நாய்.

அங்கே அவளுக்கு வைத்த பெயர் டெய்சி. நீரும் ஊரைத் திருத்தப் பார்த்தீர். ஊர் திருந்தவில்லை. தேசிக்காய் நிற நாய்க்குத் தேசி என்று பெயர் வைத்ததில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் நீரும் தேசி என்றுதான் கூப்பிட்டீர். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

நாய் என்றால் பகலில் கட்டிப்போட்டு இரவில் வளவுக்குள் அவிழ்த்துவிடுகிற ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேசி உம்மை ஒழுங்கை முடக்கில் நிறுத்தி, சைக்கிள் போன பிறகு நடத்திக்கொண்டு போனதை முதல் நாள் பார்த்து வாயைப் பிளந்தேன். சந்தையில் மீன் விற்கிற இடத்தைத் தாண்டும்போது அவள் மூக்கைக்கூடத் திருப்பவில்லை. என்னால் அப்படிப் போக முடியாது. ஆசையில் தலையைத் தடவப் போன என் கையை நீர் பட்டென்று தட்டிவிட்டீர். கண் தெரியாத ஆளுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

"பட்டி போட்டால் அவளுக்குக் கந்தோர் வேலை, கழட்டினால் லீவு. கந்தோரிலை இருக்கிற ஆளைத் தடவப்படாது, மச்சாள்."

உம்முடைய மகனுக்கு நீர் இங்கே வந்தது துப்புரவாகப் பிடிக்கவில்லை. "அம்மா, உங்கை உங்களை நாயோடை ஒரு கடைக்குள்ளையும் விடமாட்டினம். நாலு சுவருக்குள்ளை இருக்கவோ போனனீங்கள்?" என்று தொலைபேசியில் கத்தினது எனக்கே கேட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவேன், வந்து பார்ப்பேன், நீங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றான். நீர் ஓம் என்றுவிட்டீர். அதுதான் எனக்குப் பயம். நான் ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக் கொடுத்துப் பத்தையும் மறப்பேன். நீர் ஓம் என்றால் ஓம்தான். எத்தனையோ வருடம் கழித்துக் கிடைத்த மச்சாளை ஒரு கடைக் கதவு திறக்காத காரணத்தால் திரும்பவும் இழக்க எனக்கு மனமில்லை.

மருந்துக்கடை சுகமாக வழிக்கு வந்தது. புடவைக்கடையும் வந்தது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தேசியைப் பார்க்கிறதே ஒரு பொழுதுபோக்கு. ஆனால் நீர் கேட்டது தோசை. அதுவும் இங்கே எங்கள் திருநெல்வேலியில், பலாலி வீதிப் பக்கம், பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் வந்து சாப்பிடுகிற அந்தச் சைவக்கடைத் தோசை. வாங்கிக்கொண்டு வந்து தருகிறேன் என்றேன்.

"பார்சல் தோசை தோசையோ? அது ஈரத்துணி. தோசைக்கல்லாலை எடுத்துத் தட்டிலை போட்டதும் தின்னோணும்."

சரியென்று இந்த மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டு உம்மோடு ஓட்டோவில் போனேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் முதலாளி, நெற்றி நிறையத் திருநீறு. எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"உது என்ன, உள்ளை வருகுது?"

பிறகுதான் உம்முடைய கறுப்புக் கண்ணாடியைக் கண்டிருக்க வேண்டும். முகம் இளகிவிட்டது. கெட்ட மனிதன் என்றால் எனக்கு வேலை சுகம். இவர் நல்ல மனிதர். அதுதான் கரைச்சல்.

"அக்கா, ஏன் கஷ்டப்படுறியள், ஓட்டோவிலை இருங்கோ. நான் சுடச்சுடப் பார்சல் கட்டித் தாறன். காசும் வேண்டாம்."

எங்கள் ஊரில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பார்சல் கட்டித் தருவார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "வைரவற்றை வாகனம் என்ன? நாய்தானே? நீங்கள் வைரவரைக் கும்பிடுறேல்லையோ?" என்று எட்டுக் கடைக்குக் கேட்கக் கேட்டேன். இதற்கு மேல் அந்த மனிதர் என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"கும்பிடுறனான் அக்கா. வைரவர் கோயிலிலையும் நாய் வெளியிலைதான் படுக்குது" என்றார் அவர், மிகவும் தன்மையாக.

என் வாழ்க்கையில் என் வாய் தோற்றது அந்த ஒரு முறைதான். நீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர், என் பக்கம் திரும்பி. பிறகுதான் கதைக்கத் தொடங்கினீர்.

"தம்பி, உங்களுக்கு நாய் உள்ளை வாறது பிடிக்கேல்லையோ?"

"ஐயோ, எனக்கொண்டும் இல்லை அக்கா. எங்கடை வீட்டிலையும் ரண்டு நிக்குது. மற்ற ஆக்கள் ஏதும் சொல்லுவினம்."

"ஆர் அந்த மற்ற ஆக்கள்? எனக்குக் கண் தெரியாது. ஒருக்கா இஞ்சை கூப்பிட்டு விடுங்கோ, கதைப்பம்."

நீர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டு காத்துக்கொண்டு நின்றீர். முதலாளி வேறு வழியில்லாமல் மேசைகளைத் திரும்பிப் பார்த்தார். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த பென்சன்காரர் ஒருவர், தனக்கு ஒன்றும் இல்லை, முதலாளிக்கு அரியண்டமாக இருக்குமே என்றுதான் பார்ப்பதாகச் சொன்னார். வளாகத்துப் பிள்ளைகள், தங்களுக்கும் ஒன்றுமில்லை, அந்த ஐயா என்ன நினைப்பாரோ என்றார்கள். பரிமாறுகிறவர், குசினியில் ஏதும் சொல்லுவார்கள் என்றார். குசினிக்குள்ளிருந்து தோசைக்காரர் தலையை நீட்டி, "என்ன, நாயோ? வடிவான நாயெல்லே" என்றுவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டார்.

கடை முழுக்கச் சிரித்தது. ஆனால் சிரிப்பு வேறு, இருக்கக் கதிரை தருவது வேறு. முதலாளியும் சிரித்துக்கொண்டேதான் பார்சலை நீட்டினார்.

"நான் இருந்து சாப்பிட வந்தனான், தம்பி. இண்டைக்கு இடமில்லையெண்டால் இன்னொரு நாளைக்கு வாறன்" என்று நீர் திரும்பி நடந்தீர். தேசி படியில் நின்று, உம்முடைய காலுக்குப் படி தெரிந்ததும் இறங்கினாள். ஓட்டோவில் நான் அந்தக் கடையைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து வெறும் பாண் சாப்பிட்டோம்.

சொன்னபடி போனீர். திரும்பவும் போனீர். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று வணக்கம் சொல்லி, இடம் இருக்கிறதோ என்று கேட்டு, பார்சலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தீர். ஓட்டோக் காசு நாசம் என்று நான் புறுபுறுத்தேன். திருவிழா வேறு கிட்டிக்கொண்டிருந்தது. "சண்டை பிடிச்சுப் போய் இருந்தால் தோசை இறங்காது, மச்சாள். அவர் வா எண்டு சொல்லோணும்" என்றீர்.

ஒரு பின்னேரம் அப்படி வாசலில் நின்றபோதுதான் அது நடந்தது. வீதியில் நிற்கிற ஒரு கறுத்த நாய், எங்களைத் தாண்டி நேரே கடைக்குள் போனது. மேசைகளுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, யாரோ போட்ட வடைத் துண்டைத் தின்று, சாவகாசமாக வெளியே வந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேசியும் அசையவில்லை. அவளுக்குக் கந்தோர் நேரம். உமக்கு மட்டும் நகம் சிமெந்தில் படுகிற சத்தம் கேட்டிருக்கிறது.

"தம்பி, இப்ப உள்ளை போயிட்டு வந்தது ஆர்?"

முதலாளி தயங்கினார். "அது... இஞ்சை நிக்கிற நாய் அக்கா. எப்பவும் வந்து போறது."

"பார்சல் எடுத்துக்கொண்டோ போகுது?"

முதலில் சிரித்தது பென்சன்காரர். பிறகு பரிமாறுகிறவர். முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்கோ அக்கா, உள்ளை வாங்கோ. அவவும் வரட்டும்."

எனக்குக் காது குளிர்ந்தது, மச்சாள். முதல் நாள் 'உது' என்று சொன்ன வாய். எங்கள் ஊரில் பெரியம்மாவையும் ரீச்சரையும்தான் 'அவ' என்று சொல்லுவோம்.

சுவரோரத்து மேசையில் இருந்தோம். தேசி தன் பாட்டில் மேசைக்குக் கீழே போய், என் காலிலும் சேலையிலும் முழு உடம்பையும் சாய்த்துப் படுத்தாள். வால் மட்டும் வெளியே. சாம்பாறு வாளியோடு வந்த பரிமாறுகிறவர் எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் நின்று, குனிந்து, "அவவின்ரை வாலை ஒருக்கா..." என்று எங்களிடம் கேட்கவில்லை, அவளிடமே கேட்டார். தோசை வந்தது. நீர் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து, பிய்த்து, சம்பலில் தோய்த்து வாயில் வைத்தீர். நாலு தோசையையும் அப்படியே தின்று முடித்தீர். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சம்பல் உறைப்பு என்றீர். நானும் அதே சம்பலைத்தான் தின்றேன், அவ்வளவு உறைப்பில்லை.

மகன் திருவிழாவுக்கு வந்தான். கோயிலுக்குப் போய்விட்டு நேரே அங்கேதான் கூட்டிக்கொண்டு போனீர். கடையில் நிற்க இடமில்லை. அவன் வாசலிலேயே முகத்தை இறுக்கிக்கொண்டு, "வேண்டாம் அம்மா, ஏதும் சொல்லப்போகினம்" என்றான். முதலாளி யாரையோ தள்ளி இருக்கச் சொல்லி எங்களுக்கு இடம் எடுத்துத் தந்தார். தேசி மேசைக்குக் கீழே போனாள். அப்போதுதான், பக்கத்து மேசையில் குடும்பத்தோடு இருந்த ஒருவர், வெளியூர் ஆள் போல, எழும்பிச் சத்தம் போட்டார். சாப்பாட்டுக் கடைக்குள் நாயை விடுகிறீர்களே, இது என்ன கடை என்று கேட்டார். மகனின் கை உம்முடைய தோளுக்குப் போனது. எழும்பிப் போவோம் என்கிற கை அது. இந்தப் பயணத்தில் உம்மைக் கூட்டிக்கொண்டுதான் போவான் என்று நினைத்தேன். வாயைத் திறக்கப் போனேன். நீர் மேசைக்குக் கீழால் என் தொடையில் கிள்ளினீர்.

முதலாளி அந்த மேசைக்குப் போனார். கோபம் இல்லை, அதே தன்மை.

"அவ இஞ்சை வழமையா வாறவ, ஐயா. உங்களுக்குக் கரைச்சலெண்டால் ஓட்டோவிலை இருங்கோ, நான் பார்சல் கட்டித் தாறன்."

அந்த மனிதர் முதலாளியைப் பார்த்தார், சுற்றியிருந்த மேசைகளைப் பார்த்தார். ஒருவரும் அவருக்குத் துணைக்கு வரவில்லை. அவருடைய மனைவி, "இருங்கோப்பா, அது பேசாமல்தானே படுத்திருக்குது" என்றார். அவர் இருந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். உம்முடைய மகன் தோளிலிருந்து கையை எடுத்து, எல்லாருக்கும் தோசை சொன்னான். வெளியே வந்து செருப்புப் போடும்போது, "நீங்கள் இஞ்சையே இருங்கோ அம்மா" என்றான். அதற்குப் பிறகு கனடாவுக்கு விமான ரிக்கெற் எடுக்கிற கதை வரவேயில்லை.

நீர் இருந்தீர். வங்கிக்குப் போனீர், தையல்காரியிடம் போனீர், பண்டத்தரிப்பில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போய்ப் பந்தியில் இருந்து சாப்பிட்டீர். போன மாரியில் வந்த காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. உம்முடைய அறையில், உம்முடைய கட்டிலில்தான் போனீர். அந்தியேட்டிக் கிரியைக்கு முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நான் உம்மை நினைத்து இன்னும் அழுகிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அழுகைக்கு நடுவில் அந்தக் கறுத்த நாயின் ஞாபகம் வந்தால் அழுகை கெட்டுப்போகிறது.

தேசி இப்போது என்னோடு. வயது போய்விட்டது, பட்டியைக் கழற்றி வைத்தாயிற்று, முழு நாளும் லீவு. பட்டி இல்லாமல் கடைக்குள் போகக்கூடாது என்று நீர் சொன்னதை நினைத்து நான் அவளை வாசல் நிழலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். முதலாளிக்கு அதில் என்னோடு கோபம்.

போன கிழமை மகன் கதைத்தான். "மாமி, தேசியை இஞ்சை அனுப்பிவிடுங்கோவன். வயசு போன நேரம் அவளும் நாலு இடம் போய் வரட்டும். இஞ்சையெண்டால் ஒருத்தரும் மறிக்கமாட்டினம்" என்றான். நல்ல பிள்ளை, பாசத்தில் கேட்கிறான். முந்தைய நான் என்றால் தொலைபேசி சுடும்வரை அவனோடு சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சத்தமே எழும்பவில்லை, மச்சாள். எழுப்பத் தேவையும் இருக்கவில்லை. உம்மிடமிருந்து எனக்கு மிச்சமாய் வந்தது அந்த அமைதிதான் என்று நினைக்கிறேன்.

"இஞ்சையும் மறிக்கமாட்டினம், தம்பி" என்றேன்.