முட்டி வலிக்கு ஓர் அர்ச்சனை

திருத்தணி,
21-1-57

சிரஞ்சீவி தியாகேசனுக்கு அக்கா அபிராமசுந்தரி ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இவ்விடம் அப்பா, அம்மா, அத்திம்பேர், நான் எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனதைப் பற்றிக் கேட்காதே. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அடுப்பில் வைத்த பால்கூடக் கண்ணில் படுவதில்லை, இரண்டு முறை பொங்கிப் போய்விட்டது. நல்ல வேளை, கடிதத்தை அப்பா பெயருக்குப் போடாமல் என் பெயருக்குப் போட்டாய். அந்த அளவுக்காவது புத்தி இருக்கிறதே.

உன் முழங்கால் வலி அந்தத் தணிகாசலத்துக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய். அப்பாதான் சொன்னார். அவனிடம் சொல்லவில்லை, சுவாமியிடம் சொன்னார். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மார்கழிக் கிருத்திகையன்று அவன் வந்தான். உன்னுடைய சிநேகிதன் என்றான். நம் சுவாமியின் பெயரையே வைத்துக்கொண்டு வந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? அம்மா இலை போட்டுச் சோறு போட்டாள். நானும் நம் பிள்ளையின் சிநேகிதராயிற்றே என்று விசிறிக்கொண்டு நின்றேன். பட்டணத்தில் நீ ஓடுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, அம்மா மோரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு மலைக்கோயிலுக்குப் போய், அப்பாவிடம் உன் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னான். அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியாதா? கோத்திரம், நட்சத்திரம், சங்கல்பம் எல்லாம் முறைப்படி சொல்லி முடித்தபின், சமஸ்கிருதம் சுவாமிக்குப் போதாதென்று தமிழிலும் ஒரு தரம் உரக்கச் சொல்வார். அன்றைக்கும் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு வலது முட்டி வீங்குகிறது, கல்லூரியில் சொல்லாமல் மறைத்துக்கொண்டு ஓடுகிறான், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நீ தீபாவளிக்கு வந்தபோது எங்களிடம் மட்டும் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார்.

அவன் தட்டில் தாராளமாகத் தட்சிணை போட்டானாம். எவ்வளவு பக்தி பார் என்று அப்பா இன்னும் மெச்சிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. தான் சுவாமியிடம் கேட்டதுதான் பெற்ற பிள்ளையின் கழுத்தில் சுருக்காக விழுந்தது என்று தெரிந்தால் அந்த மனிதர் மறுநாள் கர்ப்பக்கிருகத்துக்குள் எப்படிப் போவார்?

சரி, எங்கள் முட்டாள்தனத்தை எழுதிவிட்டேன். இப்போது உன்னுடையதற்கு வருகிறேன்.

ஓடுகிற ஆணி பூட்ஸைக் கல்லூரியில் கொடுத்ததாக முன்பு எழுதினாய். இப்போது அவன் கொடுத்தது என்கிறாய். காலில் போட்டுக்கொள்ளும்போதே உனக்கு உறுத்தவில்லையா? முன்பின் தெரியாதவன் எதற்காக உனக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறான் என்று ஒரு தரமாவது யோசித்தாயா? எங்களை மோர் கொடுத்து ஏமாந்தவர்கள் என்று சொல்ல உனக்கு வாயில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மைல் ஓட்டத்தில் நீ இரண்டாவதாக வந்தால் போதும், பணம் தருகிறேன் என்கிறான். மாட்டேன் என்றால் முட்டி விஷயத்தைக் கல்லூரியில் சொல்லி, சம்பளமில்லாமல் படிக்கிற சலுகையைப் பிடுங்க வைப்பேன் என்கிறான். நீயோ, எப்படியும் வலிக்கிற கால்தானே, இரண்டாவதாக வந்தால் யார் குடி முழுகப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன்.

யார் குடி என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன் கேள். கே.ஜி.கண்டிகையிலிருந்து நமக்கு விறகு கொண்டுவருகிற வேடியப்பனை உனக்குத் தெரியும். அங்கே டீக்கடைக்குப் பின்புறம் உன் ஓட்டத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். போலீஸ் வந்தால் சீட்டாட்டம் என்பார்களாம், அதுவும் குற்றம்தான் என்பதுகூட அவர்களுக்கு நினைவில்லை. பந்தயப் பணத்தை வாங்குகிறவன் அதைப் பட்டணத்தில் ஒருவனிடம் கொண்டுபோய்க் கட்டுகிறானாம், அந்தப் பட்டணத்து ஆள் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேடியப்பன், பெண்டாட்டி பூவம்மாளுக்குத் தெரியாமல் கறவை ஆட்டை விற்றுக் கட்டியிருக்கிறான். கொஞ்சமாவது அறிவிருக்கிறதா என்று முற்றத்தில் நிற்க வைத்துத் திட்டினேன். அவன் சிரிக்கிறான்.

“நம்ம ஐயரு புள்ள ஓடுதும்மா. ஊரே கட்டிகினு இருக்குது, நான் கட்டாம இருந்தா சாமி ஒத்துக்குமா?” என்றான்.

போய்த் திருப்பி வாங்கிக்கொள் என்றேன். உடனே அவன் முகம் மாறிவிட்டது. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். ஆமாம் என்று சொன்னால் அவன் ஓடிப்போய் உனக்கு எதிராகக் கட்டுவான், இன்னும் பத்துப் பேரிடம் சொல்வான், அப்போது நானும் ஒரு தணிகாசலம். இல்லை என்றதால் அவன் ஆடு போகிறது. எதைச் சொன்னாலும் பாவம் என்கிற இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கொண்டிருந்தவளுக்கு இந்தத் தலையெழுத்து எதற்கு?

நீ அவர்களைக் கட்டச் சொல்லவில்லை என்பாய். வாஸ்தவம். சூதாடுகிறவன் தோற்கட்டும், அது அவன் பாடு. ஆனால் நீ ஓடுவதாக நம்ப வைத்துவிட்டு ஓடாமல் இருப்பது உன் பாடு. உன் பக்கத்துக் கோட்டில் உயிரைக் கொடுத்து ஓடுகிற பிள்ளையையும் நினைத்துப் பார். முதலாவதாக வந்துவிட்டோம் என்று அவன் வீட்டுக்கு எழுதுவான். அந்தச் சந்தோஷமும் பொய்.

ஆகையால் நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதம் கிடைத்ததும் உங்கள் பிசிகல் டைரக்டரிடம் போ. முட்டியைக் காட்டு. மறைத்து ஓடியது தப்பு என்று சொல். பூட்ஸ் யார் கொடுத்தது, என்ன கேட்டான் எல்லாவற்றையும் சொல். பூட்ஸை அவர் மேஜை மேலேயே வைத்துவிடு. அவனிடம் உன்னை மிரட்ட இருக்கிறது இந்த ஒரு சேதிதான். அதை நீயே சொல்லிவிட்டால் அவன் கையில் என்ன இருக்கும்? ஓட வேண்டாம் என்று அவர் சொன்னால் ஓடாதே. சலுகை போனால் போகட்டும். அத்திம்பேர் ஏதோ பார்ப்பதாகச் சொல்கிறார், அவர் பார்த்து எதுவும் நடந்ததில்லை என்றாலும் மனதாரச் சொல்கிறார்.

இன்னும் ஒன்று. நீ நொண்டிக்கொண்டு வந்தாலும், கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று வந்தாலும், அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாய். திறப்பேன். வெந்நீர் வைத்து முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பேன். அதே போல அவன் காசை வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே தோற்றுவிட்டு வந்து தட்டினாலும் திறந்துவிடுவேன், தியாகு. சோறும் போடுவேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என்னால் அதுதான் முடியும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் உன் மேல் இவ்வளவு ஆத்திரம். என்னை அப்படி ஒருத்தியாக ஆக்கிவிடாதேப்பா.

தீர்க்காயுசாக, நேர் நடையாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
அபிராமசுந்தரி