திரையில் அணைந்த விளக்கு

திருச்செங்கோடு, 1986 ஐப்பசி, செவ்வாய் இரவு



காலையில் சரசு தீபாவளிக்காக வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறி, "ஏனுங்க, கூடத்து லைட்டை நிறுத்துங்க, பல்பைத் தொடைக்கோணும்" என்றாள். நான் அறையில் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினேன். கம்ப்யூட்டர் சொன்னபடி விளக்கை ஏற்றவும் அணைக்கவும் நானே செய்து மாட்டிய ரிலே பெட்டி டிக்கென்றது. விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டி.வி. திரையிலும் ஆஃப் என்று வந்தது.

"நிறுத்தியாச்சு, தொடைச்சுக்கோ" என்றேன், பெருமையாக.

சாயங்காலம் பெரிய பல்பு மாட்ட நினைத்து, அதேபோல் விளக்கை அணைத்துவிட்டுப் பழையதைக் கழற்றினேன். ஏதோ தோன்றி ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டரின் குட்டி விளக்கு எரிந்தது; உள்ளே கரண்ட் இருக்கிறது. கரண்ட் வரும் ஒயரை வெட்டி ரிலேயில் கொடுக்காமல், திரும்பிப் போகும் ஒயரை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். விளக்கு அணையும். கரண்ட் ஹோல்டர் வரை வந்து நிற்கும். அவளுடைய ஈரவிரல் அங்கே பட்டிருந்தால்...

"மெயினை நிறுத்தாமலா காலையில ஏறினே?" குரல் உயர்ந்துவிட்டது.

"எப்பவும் நிறுத்திட்டுத்தான் ஏறுவனுங்க. இன்னைக்கு நீங்கதான் நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்களே."

கூடத்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். மற்ற அறைகளில் எந்த ஒயரை வெட்டிக் கொடுத்தேன் என்று நினைவில்லை. மெயினை இறக்கிவிட்டு மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன்.

புழுக்கத்தில் விழித்துக்கொண்டு இப்போது கேட்கிறாள்: "கரண்ட் போயிருச்சுங்களா?"

போயிருச்சு என்றேன். அதையும் நம்பிவிட்டாள்.